தார் பூசிய ஓட்டை

அந்த ஓட்டையைப் போட்டவன் நான். அடைத்தவர் என் தங்கையின் புருஷன். வெந்துபோனவை அவள் கைகள்.

ஏரியூருக்கு அப்பால், அணைத் தண்ணீர் தேங்கி நிற்கும் கரையில், மாப்பிள்ளை ஒரு மோட்டார் படகு வாங்கினார். சவாரி வருபவர்களுக்குப் படகிலேயே மீன் வறுத்துக் கொடுக்கும் யோசனை. கேஸ் அடுப்பு மாட்டுவது என் பிழைப்பு, கூப்பிட்டார், போனேன்.

வீட்டில் கேஸ் கசிந்தால் கதவைத் திறந்துவிடலாம். படகில் அது நடக்காது. கேஸ் காற்றைவிடக் கனம், தண்ணீரைப்போலப் பள்ளம் தேடும். படகோ முழுக்கவே ஒரு பள்ளம். அதனால் சிலிண்டரை இரும்புப் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டியின் அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து ஒரு குழாய், படகின் பக்கத்தைத் துளைத்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெளியே. கசிந்தால் வெளியே போய்த் தொலையட்டும்.

மாப்பிள்ளை இருபது வருஷம் பரிசல் ஓட்டியவர். ஓட்டையைக் கண்டால் அவர் கை தானாகத் தார்ச்சட்டிக்குப் போகும். மறுமாசம் போய்ப் பார்த்தால் குழாயின் வாயில் கருப்பாகத் தார்.

"என்ன மாப்ள இது? கேஸ் வெளிய போற வழிங்க அது."

"ஓட்டப் படகுல எவன் மச்சான் ஏறுவான்? நீங்க அடுப்பப் பாருங்க, தண்ணிய நான் பாத்துக்கறேன்."

சவாரி வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கை தட்டில் வைத்த மீனை முள் பார்த்துத் தின்றேன். ஓர் ஆணி கிடைத்திருந்தால் போதும், அந்தத் தாரைக் குத்தி எடுத்திருக்கலாம். என் பையில் ஆணி இருந்தது.

பிறகு ரெகுலேட்டர் வாஷர் தேய்ந்து கசிந்திருக்கிறது. பெட்டி நிறைந்து, மூடி இடுக்கில் வழிந்து, படகின் அடியில் படுத்துக் கிடந்திருக்கிறது. மீன் கவிச்சியில் வாசம் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் எண்ணெய் காயவைக்கத் தங்கை தீக்குச்சி கிழித்தாள்.

"எல்லாம் மச்சான் மாட்டுன லட்சணம்" என்று மாப்பிள்ளை ஊரெல்லாம் சொன்னார். சொல்லட்டும். ஆஸ்பத்திரியில், கட்டுப்போட்ட கைகளைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அவள் கேட்டதுதான் தீரவில்லை.

"ஏண்ணா, அத அடச்சது உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் மீன் தின்னியா?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

இப்போது வேறு படகு. வேறு யாரோ அடுப்பு மாட்டியிருக்கிறார்கள். மடங்காத விரல்களோடு அவள்தான் வறுக்கிறாள். போன வாரம் கரையில் நின்று பார்த்தேன். பெட்டி தெரிந்தது. அதன் அடியில் ஓட்டை உண்டா என்று கேட்க எனக்கு வாயில்லை. கரையிலிருந்து பார்த்தால் தெரியவும் இல்லை. படகு கிளம்பிப் போயிற்று.