கேமரா இல்லாத பக்கம்

முத்துராஜ் அண்ணன் இறந்துவிட்ட செய்தி, எங்கள் கராத்தே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவர் மனைவி சாந்தி அக்காவின் குரலாக வந்தது. நான் லம்பா லைனிலுள்ள என் வீட்டைப் பூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே... எல்லாரும் வாங்க." அவ்வளவுதான். முந்தைய மாலை அதே குழுவில் அவர் போட்டிருந்தது அப்படியே இருந்தது: "சனிக்கிழமை பெரார்கஞ்ச் கிளாஸ் உண்டு. யாரும் சாக்கு சொல்லக் கூடாது."

ஜங்லிகாட்டில் அவர் வைத்திருந்த மொபைல் ரீசார்ஜ் கடை உங்களில் பலருக்குத் தெரியும். நாற்பது வயதில் நான் கராத்தேயில் சேர்ந்த முதல் நாள், எனக்கு ஜோடியாக நிறுத்தப்பட்டவர் அவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நின்ற இடத்திலிருந்தே எழும்பிச் சுழன்று ஓர் உதை உதைத்தார். தரையிறங்கியதும் கைகளை விரித்து, கழுத்தை இடப்பக்கம் திருப்பி, அப்படியே நின்றார். அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் மட்டும்தான் இருந்தது.

"யாரப் பாக்குறீங்க அண்ணா?"

"கேமராவ, தங்கச்சி."

இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு ரப்பர் வேலைக்கு வந்த குடும்பம் அவருடையது. சிறுவயதில் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் சண்டைப் பட கேசட்டுகள்தான் அவருக்கு மாஸ்டர். கப்பல் தாமதமானால் இருக்கிற ஒரே கேசட் திரும்பத் திரும்ப ஓடும். அப்படி ஓடிய ஒரு படத்தில் ஹீரோ தரையில் நிற்பாராம். அடுத்த கணம் வில்லன் தலைக்கு மேலே இருப்பாராம். நடுவில் ஓட்டமும் இல்லை, தாவலும் இல்லை. அங்கே படத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள், கயிறு கட்டித் தூக்கியிருப்பார்கள் என்று அவருக்கு யார் சொல்வது? நின்ற இடத்திலிருந்து மனிதன் எழும்பலாம் என்று நம்பி, ரப்பர் மரங்களுக்கு நடுவே விழுந்து விழுந்து பழகினார்.

"கயிறுன்னு தெரிஞ்சப்ப லேட்டாயிருச்சு தங்கச்சி. அதுக்குள்ள காலு எழும்பிருச்சு."

சாந்தி அக்காவின் ஊரான பெரார்கஞ்சில் பெண்களுக்கு ஒரு வகுப்பு தொடங்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. அக்காவும் தோழிகளும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் பிளாக் பெல்ட் இல்லாமல் வகுப்பெடுக்க எங்கள் மாஸ்டர் விடமாட்டார். தேர்வு வைப்பவரோ மெயின்லேண்டிலிருந்து எப்போதாவதுதான் வருவார். நாங்கள் சில வருடம் பழகிய பிறகு அவர் வந்தபோது எங்கள் இருவரையும் மோதவிட்டார். அண்ணன் என் தோளில் அருமையாக ஓர் அடி வைத்தார். வைத்துவிட்டு நின்றார். நான் விழுவதற்காகக் காத்திருந்தார்! படத்தில் அடி வாங்கியவன் விழுவான். நான் விழாமல் அவர் வயிற்றில் குத்தினேன். "அரே பாய், யே ஷூட்டிங் நஹி ஹை", இது ஷூட்டிங் இல்லையப்பா, என்றார் தேர்வாளர். நான் தேறினேன். அண்ணன் தேறவில்லை.

வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "அடிச்சா விழ வேணாமா? என்னா பொம்பள நீ!"

"வலிக்கலையே அண்ணா."

"வலிக்காட்டியும் ஒரு மரியாதைக்கு விழுந்திருக்கலாம்ல?"

தேர்வு பார்க்க வந்திருந்த சாந்தி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, "அப்ப எங்க கிளாஸ் என்னாவுறது?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் என்னிடம் வந்தார். "நான் எப்ப நிக்கிறேனோ அப்ப அடி. பாவம் பாக்காத." நான் பாவம் பார்க்கவில்லை. கன்றிய கைகளோடு அவர் வீடு திரும்புவதைப் பார்த்து, "ஏ, எம் புருசன முழுசாத் திருப்பிக் குடுப்பியா மாட்டியா?" என்று அக்கா போனில் சத்தம் போடுவார். தேர்வாளர் மறுபடி வந்தபோது அண்ணன் எங்கேயும் நிற்கவில்லை. நின்ற இடத்திலிருந்து எழும்பிய அவருடைய கால், எதிராளியின் காதோரம் போய் வந்தது. எங்கே கற்றாய் என்று தேர்வாளர் கேட்டார். "கேசட் சே, சார்!" கேசட்டிலிருந்து என்றதும் அந்த மனிதரும் சிரித்துவிட்டார். பெல்ட் கிடைத்தது.

பெரார்கஞ்ச் வகுப்புக்கு நானும் துணைக்குப் போனேன். முதல் நாள், உதைத்து முடித்ததும் கைகளை விரித்து இடப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி அந்தப் பெண்களுக்குக் காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"எவ்வளவு அடி வாங்கி விட்ட பழக்கம் அண்ணா! இவங்களுக்கு ஏன்?"

"சண்டையில நிக்கக் கூடாது. பழகையில நிக்கணும். இவங்கள யாரு தங்கச்சி இதுவரைக்கும் நின்னு பாத்திருக்கா? அவங்களே ஒரு தடவ பாத்துக்கட்டும்."

பஸ்ஸில், அலுவலகத்தில், கடைத்தெருவில் என் உடம்பை ஒடுக்கி ஒடுக்கியே எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அன்றைக்கு நானும் அவர்களோடு இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அவரை அடக்கம் செய்த பின் வந்த சனிக்கிழமை, ஹால் பூட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் பெரார்கஞ்ச் பஸ் ஏறினேன். ஹால் திறந்திருந்தது. சாந்தி அக்கா வரவில்லை, சாவியைக் கொடுத்தனுப்பியிருந்தார். "மேடம், நீங்க வருவீங்க, சாக்கு சொல்லாமப் போங்கன்னு அக்கா சொல்லிவிட்டாங்க" என்றாள் ஒருத்தி, கண்ணைத் துடைத்தபடி. வரிசையாக நின்றார்கள். உதைத்தார்கள். பாதிப் பேருக்குக் கால் ஒரு சாண்தான் எழும்பியது. தரையிறங்கியதும் எல்லோரும் கைகளை விரித்து இடப்பக்கம் திரும்பினார்கள். அங்கே ஜன்னலுக்கு வெளியே வயல் மட்டும்தான். ஒருத்தியும் தலையைக் குனியவில்லை.

அந்த உதை என் முழங்காலுக்கு வராது. உதைத்த பின் நிற்கும் அந்த ஒரு மூச்சு நேரத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அவரை அறிந்தவர்கள் ஒருமுறை பெரார்கஞ்ச் வந்து பாருங்கள். எந்தச் சனிக்கிழமை வந்தாலும் வகுப்பு உண்டு.