நைனாவின் கண்ணாடிப் பெட்டியும் பின்னால் போன புழுக்களும்

“…அந்தப் புழுவே போவ வேணாம்னு சொல்லுது. உட்டுடேன் பாப்பா. இங்க இல்லாத வேலையா?” என்றார் நைனா.

தங்கச்சி அப்போதுதான், ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்த திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வந்து செருப்பைக் கழற்றியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். “ஒரு வாரமா புழு சரியா நடந்துக்கல” என்று அவள் ஆரம்பித்ததுமே அவர் முடித்துவிட்டார். வெளிநாடு போகட்டுமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் “பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விடுகிற மனிதர். போகாதே என்று அவர் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வீடு ரேணிகுண்டாவில். ஸ்டேஷனுக்கு எதிரே நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். பெங்களூர், துபாய், அமெரிக்கா என்று ஊரே எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்த காலம். போனவர்களோடு பேச வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் படித்தேன் என்று சொல்ல வேண்டும். ஏர்பேட்டிலிருந்து வரும் ஓர் அம்மா துபாயில் இருந்த மகனிடம் சொல்வார்: “நீ பேசறது காதுக்குத் தெரியுது, கைக்குத்தான் ஒண்ணும் தெரியல.” தங்கச்சி செய்த ஆராய்ச்சி எனக்குப் புரிந்தது அந்த அம்மா புண்ணியத்தில்தான்.

அவள் வைத்திருந்தவை உருளைப்புழுக்கள். ஒரு வட்டத் தட்டில் ஜெல்லி மாதிரி ஊற்றி வைத்ததன்மேல் நெளியும். வெறுங்கண்ணுக்குக் கமாவின் வால் மாதிரிதான் தெரியும். கண் கிடையாது. தொட்டால் தெரியும், வாசனை தெரியும், அவ்வளவை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்துகிற ஜீவன்.

“நரம்போட மேல்தோலுல சின்னச் சின்னதா கேட்டு இருக்குண்ணா. அயனிக் கால்வாய்னு பேரு. தொட்டா அந்த இழுப்புல கேட்டு தொறக்கும், உப்பு உள்ள போவும். உப்பு போனாத்தான் தொட்டது அதுக்குத் தெரியும். தலைப்பக்கம் தொட்டா பின்னால போவும், வால்பக்கம் தொட்டா முன்னால ஓடும்.”

அவளிடம் இருந்தது அந்தக் கேட்டு பிறவியிலேயே கெட்டுப்போன வம்சம். மெதுவாக எங்கே தடவினாலும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

“நம்மூர் ரெயில்வே கேட்டு மாதிரி. மூடினா மூடினதுதான்” என்றேன்.

“அதுவாவது எப்பனா தொறக்கும். இது தொறக்கவே தொறக்காது.”

அந்த வம்சத்தில் வேலை தெரிந்த ஆள் ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்துக்குத் தேவைப்பட்டது. புழு சரியானதுதானா என்று திங்கட்கிழமை தன் கண்ணால் பார்த்தபின் அவர்களிடம் பேசுவதாக அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார்.

இதில் கருவி என்ன தெரியுமா? புருவ முடி. பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒற்றை முடியை ஒட்டி, அதனால்தான் புழுவைத் தடவ வேண்டும். தலைமுடி முரடு; புருவ முடிதான் நுனி மெலிந்து பூப்போல இருக்கும். தங்கச்சியோ பியூட்டி பார்லருக்குப் போய்ப் புருவத்தை நூலாக்கி வைத்திருந்தாள். எனக்கு இருப்பதும் இல்லாததும் ஒன்று. நைனாவுக்குத்தான் புதர்.

“ஊரு ஜனமெல்லாம் மலை ஏறி மொட்ட போட்டுக்கினு முடி குடுத்துட்டுப் போவுது. நீ எம் புருவத்துக்கு வந்து நிக்கிறியே!” என்று சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை. குச்சிகளை வைக்கத் தன் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டியையும் கொடுத்தார். உள்ளே வெல்வெட், அழுத்தினால் டப்பென்று மூடிக்கொள்ளும்.

அதற்குப் பிறகுதான் புழுக்கள் மாறின. தலைப்பக்கம் முடியைக் கொண்டுபோனால் எல்லாம் பின்னால் போயின. தொட்டால் தெரியாத புழு எப்படிப் போகும்? தட்டுகள் கலந்துவிட்டன, வம்சமே போயிற்று என்று அவள் சாப்பாட்டை விட்டுவிட்டாள். இதுவரைக்கும் அவள் சொல்லி முடிப்பதற்குள்தான் நைனா அந்தத் தீர்ப்பைச் சொன்னது.

“முழுசா கேளு நைனா” என்றாள் தங்கச்சி. “நேத்து சித்தூர்க்காரி வந்தா.”

சித்தூர்க்காரி என்பது அவளோடு படித்த தெலுங்குப் பெண். பொங்கலுக்கு எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிப்போனவள். ஆய்வகத்துக்குள் அவள் நுழையும்போது தங்கச்சி கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாளாம். அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “ஏமே, மீ நான்ன வச்சாரா?” என்றாளாம். உங்கப்பா வந்திருக்கிறாரா என்று.

நைனா வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இரும்புச் சத்தத்தில் தினமும் தலைவலி. தைலம் தடவாத நெற்றியோடு அவரை நாங்கள் பார்த்ததில்லை. அந்தத் தைல டப்பா வருஷக்கணக்காகக் குடியிருந்தது இந்தக் கண்ணாடிப் பெட்டியில், கண்ணாடியோடு. வெல்வெட் முழுக்க அதைக் குடித்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்காவது அந்த வாசனை தெரிய வேண்டுமே! பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருக்கிறோம்.

“அப்பறம் ரெண்டு பேரும் சோதிச்சுப் பார்த்தோம். அந்த முடியால வால்பக்கம் தடவினா ஒண்ணும் இல்ல, அசையல. தலைக்கு முன்னால சும்மா நீட்டினா, தொடாமயே பின்னால போவுது. தொடற கேட்டு கெட்டுதான் கீது நைனா. வாசனைக்கு வேற நரம்பு, வேற கேட்டு. அது நல்லா கீது.”

பெட்டியை அவர் முன்னால் வைத்தாள். நைனா திறந்து மூக்குக்குள் நுழைக்கிற மாதிரி முகர்ந்தார்.

“ஒண்ணியும் வரலியே!”

நானும் முகர்ந்தேன். எனக்கும் வரவில்லை.

“நமக்கு வராது. புழுவுக்கு வருது.”

“அப்ப புழு ஒண்ணும் போவ வேணாம்னு சொல்லல?”

“அது எங்க சொல்லுச்சு? ஒம் பெட்டிதான் சொல்லிச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நைனா சிரிக்கவில்லை. பெட்டியை டப்பென்று மூடினார், திறந்தார், மூடினார். தங்கச்சி தரையைப் பார்த்துக்கொண்டே, “நாளைக்குக் காட்டணும். புது முடி கெடச்சா ஸ்பிரிட்டுல கழுவி, கண்ணாடிக் குழாயில வெச்சுக்குவேன்” என்றாள். யாரிடமும் கேட்காத மாதிரிதான் சொன்னாள்.

“பாக்கலாம்” என்றார் நைனா.

எழுந்து கொல்லைப்பக்கம் போனார். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது நெற்றி சிவக்கத் தேய்த்திருந்தார். ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கண்களை மூடிக்கொண்டு தங்கச்சிக்கு முகத்தைத் தூக்கிக் காட்டினார்.