சுக்கு என்னிடமே திரும்பி வந்தது: ஏற்காட்டில் ஒரு பயிற்சி முகாம்

மண்சரிவு, விபத்து என்று ஊரே கலங்கி நிற்கும்போது மக்கள் பக்கத்தில் போய் ஆறுதலாக உட்கார நாய்களையும் அவற்றை அழைத்துச் செல்பவர்களையும் பழக்கும் முகாம் இது. எங்கள் நாட்டு நாய் சுக்குவை அழைத்துப் போக ஆசைப்பட்டவர் என் கணவர். போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். அவர் ஆசையையாவது முடித்து வைக்கலாம் என்று இந்த ஜூனில் நான் கிளம்பினேன்.

சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர்தான். நாயோடு பஸ் ஏற முடியாது என்பதால் வாடகைக் கார்.

"ஏனுங்க, கொண்டை ஊசி வளைவுல நாய் வாந்தி எடுக்குமுங்களா?" என்றார் டிரைவர்.

"அது எடுக்காதுங்க. நான்தான் எடுப்பேன்."

சொன்னபடியே எடுத்தேன்.

செம்மநத்தம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் முகாம். உள்ளூர்ப் பெண் ஒருவர் மண்சரிவில் வீட்டை இழந்தவராக நடித்து அழுதார். நாய் அவரிடம் போய், அவர் தேறும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அதுதான் தேர்வு. சுக்கு பாதி தூரம் போய்த் திரும்பி வந்து, என் மடியில் தலை வைத்தது. மூன்று முறையும் அப்படியே.

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டார். "ஏனுங்க, நானும் நொம்ப நேரமா அழுவறேன். உங்க நாய் என்னைய கண்டுக்கவே மாட்டேங்குதுங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. சுக்குவின் கயிற்றை வாங்கிக்கொண்டு என்னைக் களத்தின் மறுகோடிக்கு அனுப்பினார். சுக்கு என்னைத் தாண்டி யாரையும் பார்க்கவில்லை.

"அக்கா, நாய் சரியாத்தானுங்க வேலை செய்யுது. இங்க நெசமா அழுவறவங்க யாருன்னு அதுக்குத் தெரியுதுங்க" என்றார் ஸ்டெல்லா.

நான் அழவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். என் கணவர் இருந்திருந்தால் முதல் தடவையிலேயே தேறியிருப்பார்கள், அவரும் சுக்குவும். அந்தக் களத்தில் என் மனம் அவரைத் தேடியது போல வேறெங்கும் தேடியதில்லை.

நானும் சுக்குவும் தேறவில்லை. அடுத்த வருஷம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு: தடுப்பூசிச் சான்று, நாய்க்குத் துண்டு, உங்களுக்கு ஸ்வெட்டர். மாலையில் மூடுபனி இறங்கும், வெளிச்சத்திலேயே மலையிறங்கிவிடுங்கள். யாரையாவது இழந்திருந்தால், நன்றாக அழுது முடித்துவிட்டுப் போங்கள். ஒரு நாயால் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் தேற்ற முடியும். சுக்குவுக்கு இன்னும் என்னிடம் வேலை முடியவில்லை.