தொடாத வரிகளில் சித்தியின் பெயர்

ஒரே ஒரு வரியைத் திருத்தியவளின் பெயர் எல்லா வரிகளிலும் எப்படி வந்து உட்கார்ந்தது? சித்தி இதை என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் எதையோ மறைக்கிறாளோ என்றுகூடத் தோன்றியது.

சித்தி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பேருந்து டிக்கெட் அடிக்கும் கருவிக்கு மென்பொருள் எழுதும் வேலை, புதிதாகச் சேர்ந்தவள். அவள் வேலை செய்யும் அதே கோப்புகளில் எழுதும் சீனியரை அலுவலகத்தில் 'பூட்டு' என்பார்கள். டீ குடிக்கப் போனாலும் டிராயரைப் பூட்டிவிட்டுத்தான் போவார்.

ஒரு நாள் டிக்கெட்டில், இறங்க வேண்டிய நிறுத்தத்துக்குப் பதிலாக அதற்கு அடுத்த நிறுத்தம் அச்சானது. எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார்கள் என்பதை கிட் என்ற மென்பொருள் சேமித்து வைக்கும்; மாறிய வரிகளைச் சிவப்பாகக் காட்டும். பூட்டு அதைத் திறந்தார். பிழையான வரியில் சித்தியின் பெயர். அதற்கு மேலேயும் கீழேயும் அவள் பெயர்தான்.

"டிக்கெட் தலைப்புல ஒரு எழுத்தைத் திருத்தினேன் சார், அவ்ளோதான்."

"ஒரு எழுத்துக்கு ஃபைல் முழுக்க சிவப்பா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க."

விஷயம் தெளிவாகும்வரை சித்தி எதையும் தொடக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலையே போய்விடும் என்று அவள் பயந்தாள். சந்தேகம் வீட்டுக்குள்ளும் வந்தது.

"டேய், என் லேப்டாப்ல கை வெச்சியா?"

"ஸ்கூல் முடிச்சுட்டு சும்மா இருந்தா ஊர்ப் பழியெல்லாம் என் தலையிலயா, சித்தி?"

மறுநாள் அவளே பூட்டிடம் போனாள். "உங்க கண்ணு முன்னாடியே ஒரு எழுத்தை மாத்துறேன் சார். என் கையையே பாருங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் எழுதிய வேறொரு கோப்பைத் திறந்து, அவள் ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்தாள். கோப்பு முழுவதும் சிவந்தது.

"வித்தை காட்டுறீங்களா?" என்றபடி அவர், கண்ணுக்குத் தெரியாத குறிகளைக் காட்டும் வசதியைத் திறந்தார். லினக்ஸ் இயங்குதளம் உள்ள அவருடைய கணினியில் எழுதிய வரிகள் ஒரு குறியோடு முடிந்தன. சித்தியின் விண்டோஸ் கணினியிலிருந்த, நிரல் எழுதப் பயன்படும் எடிட்டரோ, சேமிக்கும்போது ஒவ்வொரு வரியின் முடிவிலும் இன்னொரு குறியைச் சேர்த்திருந்தது. நமக்கு அதே வரிதான்; கிட்டுக்கு அது மாறிய வரி.

அந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு, பிழை இருந்த பழைய கோப்பை மறுபடி பார்த்தார்கள். பிழையான வரியில் இருந்தது பூட்டின் பெயர்.

அவர் சித்தியின் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா நேத்து நிம்மதியா சாப்பிட்டிருப்பேனே சார்!"

நம்பினாரோ என்னவோ, மேனேஜரிடம் அவரே போய் உண்மையைச் சொன்னார். எந்தக் கணினியில் எழுதினாலும் கிட்டுக்குள் ஒரே வகை வரி முடிவுதான் சேமிக்கப்பட வேண்டும் என்ற விதியை, 'கிட் ஆட்ரிபியூட்ஸ்' என்ற கோப்பில் எழுதி வைத்தார்கள். பழைய கோப்புகளையும் அதன்படி மாற்றி, வேறு திருத்தம் எதையும் கலக்காமல், எல்லோரிடமும் சொல்லிவிட்டுத் தனியாகப் பதிந்தார்கள். சித்தி மறுபடி வேலையில் உட்கார்ந்தாள்.

வெவ்வேறு கணினிகளில் சேர்ந்து வேலை செய்பவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்தக் கோப்பை முதல் நாளே வைத்துவிடட்டும். செய்யாத தப்புக்குப் பதில் சொல்ல முடியாமல் இந்நேரம் எங்கேயோ ஒருத்தி கையைப் பிசைந்துகொண்டு இருக்கலாம்.