தனபாலும் என் பொறிவண்டுகளும்

நேற்று துவையலுக்குப் பூண்டும் பச்சை மிளகாயும் அரைத்தேன். மிக்ஸி மூடியைத் திறந்ததும் கண் எரிந்தது. கூடவே தனபால் மேல் கோபமும் வந்தது. இத்தனை வருடம் கழித்து ஒரு மனிதரைத் துவையலில் நினைத்துக்கொள்வது நியாயமில்லைதான். ஆனால் நடந்ததைக் கேளுங்கள்.

கல்யாணமான புதிதில் சின்னசேலத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். கொல்லையில் அவரைப் பந்தல் போட்டிருந்தேன். கொடியில் அசுவினிப் பூச்சி அப்பியபோது இஞ்சி, பூண்டு, மிளகாய் அரைத்து மாட்டுக் கோமியத்தில் ஊறவைத்துத் தெளித்தேன். சாதாரண நாற்றமில்லை. என் கணவரே கொல்லைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். ஆனால் அசுவினி குறைந்தது. மிச்சத்தைத் தின்னப் பொறிவண்டுகள் வந்தன. அப்போது நான் ஐந்து மாதம். காலையில் காபியோடு நின்று, சிவப்புச் சட்டைபோட்ட அந்த வண்டுகளை வேடிக்கை பார்ப்பேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் தனபாலின் கத்திரித் தோட்டம். அவருக்கு மருந்தென்றால் கடையில் விற்கிற விஷம்தான்.

"இன்னா நாத்தம் இது? மனுசன் வூட்ல சோறு துன்ன வாணாமா?" என்று வேலியருகே வந்து கேட்டார்.

மறுநாள் காற்று எங்கள் பக்கம் வீசுகிற நேரமாகப் பார்த்து மருந்தடித்தார். நான் வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பந்தலுக்கடியில் பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன. வயிற்றுப் பிள்ளைக்காரி என்று கணவர் எடுத்துச் சொன்னதற்கு, அது எங்கள் பாடு என்றாராம்.

பிறகொரு நாள் காற்று திரும்பியது. முகத்தில் துணிகூடக் கட்டாமல் அடித்துக்கொண்டிருந்தவர் செடிகளுக்கு நடுவிலேயே சாய்ந்தார். அவர் மனைவி கலா அலறியடித்து வர, என் கணவர்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிழைத்து வருகிறவர் நன்றி சொல்ல வருவார் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பால்கூடக் கூடுதலாக வாங்கி வைத்திருந்தேன். அவரோ நேரே எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவரிடம் போய், என் கரைசல் நாற்றத்தில்தான் மயக்கம் வந்ததென்றார். அந்த மாதமே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மகள் கள்ளக்குறிச்சியில் வேறொரு வீட்டில்தான் நல்லபடியாகப் பிறந்தாள்.

போன மாதம் சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் கலாவைப் பார்த்தேன். அவர் எப்படியிருக்கிறார் என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்காரு. இன்னமும் உங்களத் திட்டிக்கினுதாங்க இருக்காரு" என்றாள்.

நானும் நிறுத்தவில்லை என்று சொல்லச் சொன்னேன்.

அந்தப் பக்கமாகவே நடந்து போனேன். எங்கள் கொல்லையையும் அவர் தோட்டத்தையும் சேர்த்துக் கல்யாண மண்டபம் கட்டி, முன்னால் வண்டி நிறுத்தச் சிமென்ட் போட்டிருக்கிறார்கள். அசுவினி உட்காரக்கூட அங்கே ஓர் இலை இல்லை.