நான் சொல்லாத ‘சரி’

உழவர் சந்தையில் கத்திரிக்காய் விலை கேட்கப் போனேன். வாயிலிருந்து ‘தலகாணி’ என்று வந்தது. என் நோய் அப்படித்தான் ஆரம்பித்தது.

வியாபாரிகள் கடை கட்டுகிற நேரத்தில்தான் நான் சந்தைக்குப் போவேன். மீந்த காயைத் திரும்பச் சுமந்து போவதைவிட வந்த விலைக்குத் தள்ளிவிடவே எல்லோரும் பார்ப்பார்கள். காய்க்கார அம்மா, “தலகாணியா? அதைப் பஞ்சுக் கடையில கேளுங்கக்கா” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்தது. மறுபடி கேட்டேன். மறுபடியும் தலகாணிதான். வலது கையிலிருந்த பை கீழே கிடந்தது. அது எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

வெயில் என்று நினைத்தேன். காலையில் சாப்பிடாமல் வந்தது என்று நினைத்தேன். சந்தை வாசலில் ஆட்டோக்கள் நின்றன. பெண்களுக்குக் காசு வாங்காத டவுன் பஸ் வரும்வரை ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து சுவரோரமாகப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

என் பெயர் சாந்தாமணி. வயது நாற்பத்து மூன்று. நாமக்கல்லுக்கு வெளியே வாடகை வீடு. வீட்டுக்காரர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். வண்டி வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. ஒரே மகள் நந்தினி தனியார் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய படிப்புச் செலவுக்கு மற்ற எல்லாச் செலவையும் நான் இறுக்கிப் பிடித்திருந்தேன். கோழிப் பண்ணையில் ஓடு கீறின முட்டை குறைந்த விலைக்குக் கிடைக்கும், அதைத்தான் வாங்குவோம். வெந்நீருக்கு விறகு அடுப்பு. பருப்பு கொதித்ததும் அடுப்பை அணைத்து மூடி வைத்துவிட்டால் அது தானாக வேகும். இதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. சொல்லப்போனால் கெட்டிக்காரத்தனம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

வீட்டுக்காரர் மதியம் சோற்றுக்கு வந்தபோது என் வாய் கோணியிருந்ததைப் பார்த்தார். பட்டறை முதலாளியின் வண்டியிலேயே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள்.

“எப்ப ஆரம்பிச்சுது?” என்று டாக்டர் கேட்டார். சின்ன வயதுக்காரர்.

“காத்தால நான் வேலைக்குப் போறப்ப நல்லாத்தான் இருந்துச்சுங்க. மத்தியானம் வந்து பாத்தா இப்படிக் கெடக்குதுங்க.”

“நடுவுல எப்பன்னு தெரியணும். யாராவது பாத்தாங்களா?”

எப்போது என்பது எனக்குத் தெரியும். காய்க்காரம்மா தராசை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரம். அந்த இடம், அந்த வெயில், சந்தை ஒலிபெருக்கியின் இரைச்சல், எல்லாம் தலைக்குள் தெளிவாக இருந்தன. வாயைத் திறந்தேன்.

“சரி” என்றேன்.

“என்னம்மா சொல்றீங்க?”

“சரி. சரி.”

பக்கவாதத்தில் (மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் அந்தப் பகுதி செயலிழந்து போவது) இரத்தக் கட்டியைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. நோய் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதமாகப் போட்டால் மூளைக்குள் இரத்தம் கசிந்துவிடலாம். நேரம் தெரியவில்லை, சிடி ஸ்கேன் (மூளையைக் குறுக்குவாட்டில் படமெடுப்பது) பார்த்தும் அவர்களால் துணிய முடியவில்லை. ஊசி போடவில்லை. இதற்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாய் கோணினால், கை தளர்ந்தால், சொல் மாறி வந்தால், அந்த நிமிஷமே பக்கத்தில் நிற்கிற யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள்.

“பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“பிரஷர் இருக்கறதே இன்னிக்குத்தானுங்க தெரியும்” என்றார் என் வீட்டுக்காரர். பின்கழுத்து வலி மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்குத் தைலம் இருந்தது.

வலது கையும் வலது காலும் போயிருந்தன. கூடவே வந்ததற்கு அஃபேசியா (மூளையில் சொற்களைக் கையாளும் இடம் கெடுவதால் வரும் பேச்சிழப்பு) என்று பெயர். நாக்கு சரியாகத்தான் இருந்தது. அறிவும் இருந்தது. பேனாவைக் காட்டி இது என்ன என்றால் எனக்கு அது பேனா என்று தெரியும். ஆனால் வாய்க்கு வந்தது ஒரே சொல்தான். சிலருக்கு ஒரு வசைச்சொல் மிஞ்சுமாம், சிலருக்குச் சாமி பெயர். எனக்கு ‘சரி’ மிஞ்சியது. தலையாட்டுவதும் அப்படித்தான், இல்லை என்று ஆட்ட நினைத்தால் ஆமாம் என்று ஆடியது. இது அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்தபின் கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். அங்கிருந்து அடுப்பு தெரியும். என் வீட்டுக்காரர் சமைத்தார். தீ பாத்திரத்துக்கு வெளியே எரிந்துகொண்டிருக்கும். பால் பொங்கி வழியும். கடையில் பொட்டலமாக வாங்கிய குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்டுவார்கள். நான் இடது கையை ஆட்டுவேன்.

“என்ன சாந்தா, தண்ணி வேணுமா?”

“சரி.”

தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். குடிப்பேன்.

பயிற்சிக்குப் போவதிலும் சிக்கனம் வந்தது. பிசியோதெரபி (கை கால்களுக்கான இயன்முறைப் பயிற்சி) ஒரு நாள், பேச்சுப் பயிற்சி இன்னொரு நாள் என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டுமே இலவசம். ஆனால் என்னைத் தூக்கி ஏற்றி இறக்க ஒரு வண்டி வேண்டும், அவர் வேலையை விட வேண்டும். “மொதல்ல நடக்கட்டும். பேச்சு தானா வந்துரும்” என்றார். கழிப்பறைக்கு நானாகப் போனாலே வீட்டில் ஒருவருக்குக் கை ஒழியும். அவர் நினைத்ததில் தவறில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

மோகனூரிலிருந்து என் அண்ணன் வந்தது அதற்குப் பிறகு. கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். அதை விட்டுவிட்டு, ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“மாப்ள, நீங்களும் எத்தன நாளைக்கு லீவு போடுவீங்க? ஆள் வெச்சா சம்பளம் குடுக்கோணும். அது நமக்குத் தாங்காது. புள்ள ஒரு வருசம் படிப்ப நிறுத்தட்டும். சாந்தா எந்திரிச்சு நடமாடிட்டா மறுக்கா போயிக்கட்டும். காலேஜு எங்கயும் ஓடிராது.”

“சாந்தாவையும் ஒரு வார்த்த கேட்டுக்கலாமுங்க மச்சான்” என்றார் என் வீட்டுக்காரர். என் பக்கம் திரும்பினார்.

“சாந்தா, உங்கண்ணன் சொல்றது கேட்டுச்சா? நந்தினி ஊட்டுல இருக்கட்டுமா?”

வேண்டாம் என்ற சொல் எனக்குள் முழுதாக இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் இருந்தது. என்னிடம் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத்தான் வாயைத் திறந்தேன்.

“சரி.”

என் காதாலேயே அதைக் கேட்டேன். இல்லை என்று சொல்ல மறுபடி முயன்றேன். “சரி. சரி. சரி.” இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தேன். கண்ணீர் வந்தது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அழுவாத சாந்தா. ஒரு வருசந்தான். பெத்தவ மனசு அப்படித்தான் இருக்கும்.” பிறகு சமையலறைப் பக்கம் பார்த்து, “நீ சங்கடப்படாத சாமி” என்றார்.

நந்தினி அங்கே நிலைப்படியில் நின்றிருந்தாள். “அதான் அம்மாவே சொல்லிட்டாங்களே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவளிடம் கோபம் வெளியே தெரியாது. என்னைத் திருப்பிப் படுக்க வைத்தாள், பல் தேய்த்துவிட்டாள், குளிக்க ஊற்றினாள், சேலை நிற்கவில்லை என்று நைட்டி மாட்டிவிட்டாள். ஒரு எரிவாயு சிலிண்டர் நான் சமைத்தபோது வந்ததைவிட ஒரு வாரம் கூடுதலாக வந்தது. காலையில் கல்லூரிப் பேருந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது மட்டும் கையிலிருக்கிற பாத்திரத்தை அழுத்தித் தேய்ப்பாள். ஆரம்பத்தில் அவள் தோழிகள் வந்தார்கள். பிறகு போனில் பேசினார்கள். பிறகு அதுவும் நின்றது.

ஒருநாள் என் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “நீயாச்சும் வேண்டாம்னு சொல்லியிருக்கலாமில்லம்மா” என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

நான் பதில் சொல்லப் பார்த்தேன்.

“சரி” என்று வந்தது.

அவள் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினாள்.

நான் கோலூன்றி நடக்க ஆரம்பித்த பிறகு, மாத்திரை வாங்கப் போன ஒரு நாளில் நந்தினி என்னைப் பேச்சுப் பயிற்சி அறைக்குக் கூட்டிப்போனாள். மாத்திரை வரிசை குறைகிற நேரத்தில் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். அங்கிருந்த பெண் என்னிடம், “உங்க பேரு லட்சுமியா?” என்று கேட்டார். “சரி” என்றேன். “இது ஆஸ்பத்திரிதானே?” “சரி.” “நாம இப்ப சினிமாக் கொட்டாயில இருக்கோமா?” “சரி.” பிறகு என் இடது கையை மேசைமேல் எடுத்து வைத்தார். ஆமாம் என்றால் விரலைத் தூக்க வேண்டும், இல்லை என்றால் உள்ளங்கையைக் கவிழ்க்க வேண்டும். அதே கேள்விகளை மறுபடி கேட்டார். கை ஒன்றில்கூடத் தவறவில்லை.

அவர் நந்தினியைப் பார்த்து, “இவங்க சரின்னு சொல்றத ஆமாம்னு எடுத்துக்காதீங்கம்மா. இல்லன்னு சொல்லணும்னாலும் அதேதான் வரும். இனிமே கையைப் பாருங்க” என்றார்.

நந்தினி தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அம்மா. அன்னிக்கு மாமா வந்து கேட்டாரில்ல. நீ சரின்னுதான் சொன்னியா?”

உள்ளங்கையைக் கவிழ்த்தேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கொல்லைப்புறம் போனாள். குழாய் திறந்தபடி வெகுநேரம் ஓடியது. உள்ளே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

அதற்குள் தேர்வுகள் முடிந்து போயிருந்தன. கல்லூரியில் கேட்டதற்கு, வருகைப்பதிவு இல்லாததால் இரண்டாம் ஆண்டை முதலிலிருந்து படிக்க வேண்டும், கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும் என்றார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றோம். அந்த அடுத்த வருஷத்தில் பட்டறையில் வேலை குறைந்தது. நந்தினி ஒரு முட்டை வியாபாரியின் அலுவலகத்தில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள். அண்ணனுக்கு விஷயம் தெரிந்தபோது, “எனக்கெப்படிச் சாமி தெரியும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாருக்கும்தான் தெரியாது.

எனக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் பொருள்களின் பெயர்கள். பிறகு வினைச்சொற்கள். இரண்டையும் சேர்ப்பதுதான் இன்னும் கஷ்டம். இந்தக் கட்டுரையை இடது கையால் போனில் தட்டிப் பல மாதங்களாக எழுதினேன். ‘கட்டில்’ என்று நினைத்து ‘காட்டில்’ என்றும், ‘மகள்’ என்று நினைத்து ‘மணல்’ என்றும் எழுதியிருந்ததை நந்தினி திருத்தினாள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவர் வாயைத் திறந்ததும் வந்த முதல் சொல்லை அவருடைய சொல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு வழியிலும் கேட்டுப் பாருங்கள். பெரிய முடிவென்றால் இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப் போடாதீர்கள். காலுக்கு அவசரம் என்று தோன்றும். சொல்லுக்கும் அவசரம்தான்.

வலது கை இப்போது என் மடியில் கிடக்கிறது. வேறு யாரோ கொடுத்துவைத்துவிட்டுப் போன பொருளைப் போல அதைப் பார்த்துக்கொள்கிறேன். வெயிலில் சுட்டுக்கொள்ளாமல், கதவிடுக்கில் சிக்காமல் நகர்த்தி வைக்கிறேன். வலது காலில் செருப்பு கழன்று போனால் சிறிது தூரம் நடந்தபின் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நேரமும் அப்படி ஆகிவிட்டது. நாலு பேர் பேசும்போது நான் பதிலைத் தேடிப் பிடித்து எடுத்து வருவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

போன வாரம் காலையில், வேலைக்குக் கிளம்பிய நந்தினியிடம், “காலேஜு… நீ…” என்றேன். மிச்சம் வரவில்லை. “பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. வாரேன்” என்று ஓடினாள். அவள் போய் வெகுநேரம் கழித்து, காலித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது முழு வாக்கியமும் வந்தது. ஒரு தடங்கலும் இல்லை. “நீ காலேஜுக்குப் போ கண்ணு. என்னைய நான் பாத்துக்குவேன்.” வீட்டில் யாரும் இல்லை.

தொலைந்துவிடக் கூடாதென்று நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாப்பிடும்போது நிறுத்தினேன், பயமாக இருந்ததால் பாதியில் கையைக் கழுவிவிட்டு மறுபடி சொன்னேன். சாயங்காலம் கேட் சத்தம் கேட்டது. அவள் உள்ளே வந்ததும், “போ” என்றேன்.

“எங்கம்மா?”

மற்றதெல்லாம் போய்விட்டது. அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அப்படியே எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் தேடத் தொடங்கினேன். அவள் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை, யூகித்துச் சொல்லவும் இல்லை. தெருவில் பால்காரர் வந்து போனார். நான் சொல்லி முடித்தபோது வீட்டுக்குள் இருட்டியிருந்தது.

நந்தினி எழுந்து விளக்கைப் போட்டாள்.

“கேட்டுச்சும்மா” என்றாள்.