தாமோதரன் பிடுங்கிய பித்தளை முளை

சாம்பியன் ரீப்ஸ் தங்க மைனில் தாமோதரன் கம்ப்ரஸர் பிட்டர். ஒன்றரை மைலுக்கும் கீழே பாறையைத் துளைக்கிறவர்களுக்கு மேலிருந்து காற்று அனுப்புகிற ராட்சச இயந்திரங்கள் அவன் பொறுப்பு. கம்ப்ரஸருக்கு ஜலதோஷம் பிடித்தால் தாமோதரன் தும்முவான் என்று தொழிலாளர் வீடுகள் வரிசை கட்டிய எங்கள் லைனில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான், ஆனாலும் முழுப் பொய்யில்லை.

அம்மாவைச் சின்ன வயதிலேயே இழந்தவன். அப்பா ஷிப்டுக்குப் போயிருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியைப் போட்டுத் திறந்து, ஆறிப்போன களியைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பான். அம்சவேணியைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் திறந்த கதவுக்குள் நுழைகிற சுகம் அவனுக்குத் தெரிந்தது. ஷிப்ட் விட்டதும் அவன் நடக்கிற வேகத்தைப் பார்த்தால் பின்னால் புலி வருகிறதோ என்று தோன்றும்.

அறுபத்தேழில் அம்சவேணிக்கு டீச்சர் வேலை கிடைத்தது. கன்னடத்தில் படித்து, ட்ரெய்னிங் முடித்து, கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருந்த வேலை. பள்ளிக்கூடம் பேத்தமங்களாவில். தசரா லீவு முடிந்து திறக்கிற அன்றைக்குச் சேர வேண்டும். சாயங்காலம் திரும்பி வர பஸ் உண்டு. காலை பஸ்தான் தகராறு. அது போய்ச் சேரும்போது பிரேயர் முடிந்து, கணக்குப் பாடமும் முடிந்து, பிள்ளைகளுக்குப் பசி எடுத்திருக்கும். நேரத்துக்கு வர முடியாதென்றால் ஊரிலேயே தங்கிவிடுங்கள், பள்ளிக்குப் பின்னால் ஒரு ரூம் காலியாக இருக்கிறது என்று ஹெட்மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ரூம் என்ற சொல்லைக் கேட்டதுமே தாமோதரன் முகம் பூட்டிக்கொண்டது.

சைக்கிளில் டபுள்ஸ் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். பாதி வழி அம்சவேணி இறங்கி நடந்தாள். மீதி வழி சைக்கிளையும் அதன்மேல் இருந்த புருஷனையும் சேர்த்துத் தள்ளினாள்.

அப்போதுதான் அவனுக்குப் பின்கட்டில் கிடந்த பாண்ட்டம் ஞாபகம் வந்தது. ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் வைண்டிங் எஞ்சின் ஓட்டிய எட்மண்ட் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது அவனிடம் தள்ளிவிட்டுப் போன இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள். "ஓடினாலும் உன்னுது, ஓடலேன்னாலும் உன்னுது மேன்" என்பதுதான் தானப் பத்திரம். பக்கத்து வீட்டு மங்கம்மாவின் கோழிகள் அதன் சீட்டில் தலைமுறை தலைமுறையாக முட்டையிட்டு வந்தன. அவற்றைக் காலி செய்ய வைத்ததுதான் அதை ஓட வைக்கிற வேலையில் பெரிய கஷ்டம் என்று அப்போது எல்லோரும் நினைத்தோம்.

எஞ்சினை இறக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோனான். மைன் கழிவு மண் குவிந்த சைனைட் மலைத் தூசி வரும் என்று ஜன்னல்களைச் சாத்தினான். பூமிக்கடியில் பாறை வெடித்து வீடு குலுங்கினால் சாமான்கள் உருண்டுவிடுமே! முறத்தில் ராகியைப் பரப்பி அதில் கொட்டாங்குச்சிகளைப் புதைத்து, கொட்டாங்குச்சிக்கு ஒன்றாக எல்லாவற்றையும் வைத்தான். அந்த ராகியில் கிண்டிய களி, தீக்குச்சி காட்டினால் பற்றிக்கொள்ளும் போலிருந்தது.

"வால்வுகூட இல்ல அம்சா. சிலிண்டர்ல மூணு ஓட்டை, உள்ள ஒரு பிஸ்டன். இதுக்கெல்லாம் ஒரு எஞ்சின்னு பேரு!"

"அப்போ சுருக்கா முடிஞ்சிடும், இல்லீங்க?"

"நீ புதுப் பொடவையை எடுத்து வை."

கருப்பாய் அப்பியிருந்த கரியைச் சுரண்டினான். சிலிண்டரைப் பளபளவென்று ஆக்கினான். பிஸ்டனைச் சுற்றி மாட்டப் பெங்களூரிலிருந்து புது ரிங் வாங்கி வந்தான். மாட்டப் போகும்போதுதான் பிஸ்டனைத் தூக்கிப் பிடித்து முறைத்துப் பார்த்தான்.

"இன்னாங்க அது, ரிங் உக்கார்ற பள்ளத்துல முள்ளு மாதிரி?"

"பித்தளை முளை. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. எவனோ அரைகுறை பாத்த வேலை. ரிங்குன்னா சுத்தணும் அம்சா, சுத்தினாத்தான் ஒரே சீரா தேயும். இவன் இன்னாடான்னா ஆணியடிச்சுக் கட்டிப்போட்டு வச்சிருக்கான்."

"யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாமே?"

"யாரைக் கேக்கறது? ஒர்க்ஷாப்புல எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க."

அதுவும் உண்மைதான். கம்ப்ரஸரில் ரிங் சுற்றாமல் ஒட்டிக்கொண்டால் பெரிய குற்றம்; அதை விடுவித்தே அவன் பேர் எடுத்தவன். குறட்டால் இரண்டு முளைகளையும் பிடுங்கினான். எதையும் வீசாத அம்சவேணி அவற்றை அஞ்சறைப் பெட்டியில் கடுகுக் கிண்ணத்தில் போட்டு வைத்தாள்.

ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். உதைத்தான். உதைத்தான். மறுபடி உதைத்தான். படபடவென்று பிடித்துக்கொண்டது. புகையில் எதிர் வீடு காணாமல் போயிற்று. அவர்கள் வாசலைத் தேடிக்கொண்டு பின்கட்டு வழியாக வந்தார்கள். மங்கம்மாவின் கோழிகள் பங்காருபேட்டைக்கே ஓடிப்போய், மறுநாள் ரயிலில்தான் திரும்பின.

"தாமு, உன் வண்டி இன்னாப்பா பேயோட்டுது?" என்றாள் மங்கம்மா.

"பேய்தான்கா. இனிமே பேத்தமங்களா பத்து பீடி தூரம் இல்ல, ஒரே பீடி தூரம்!"

மிச்சமிருந்த லீவு முழுக்க சைனைட் மலையைச் சுற்றி அம்சவேணியை உட்கார வைத்து ஓட்டினான். தேன் மாதிரி ஓடியது. அந்தச் சில நாட்கள் எங்கள் லைனில் அவனைவிடப் பெரிய மனுஷன் யாரும் இல்லை.

பள்ளி திறக்கிற காலை. புதுப் புடவை, டிபன் கேரியர், நெற்றியில் விபூதி. லைனே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. பாதி தூரம் போனதும் ஒரு மேடு. அதில் ஏறும்போது வண்டியின் வயிற்றுக்குள் யாரோ வளையலை உடைத்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கரகரவென்று இழுத்து, பின்சக்கரம் சற்று வழுக்கி, வண்டி நின்றது.

உதைத்துப் பார்த்தான். எதிர்ப்பே இல்லாமல் கிக்கர் கீழே தொங்கியது. சட்டையைக் கழற்றிவிட்டு உதைத்தான். அம்சவேணி மைல்கல் மேல் உட்கார்ந்து, கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.  

கடைசியில் அந்தத் தாமத பஸ்ஸே வந்தது.

"ஏறும்மா, ஏறு," என்றான் கண்டக்டர். "இன்னாப்பா, நீ இந்த பாய்லரையும் ஏத்தணுமா?"

"இல்ல. அவங்க மட்டும்தான்."

"இன்னாங்க, வெயில்ல நிக்காதீங்க," என்று படியிலிருந்து சொன்னாள் அம்சவேணி. பஸ் கிளம்பிவிட்டது.

அன்றைக்கு ஷிப்ட் போயிற்று. வண்டியை லைன் வரை தள்ளிக்கொண்டு வந்து, அப்படியே பிரித்தான். மேல் ரிங் மூன்று துண்டு. சிலிண்டர் சுவரில் நகத்தால் பிறாண்டியது போல் ஆழமான கோடுகள். ஒரு துண்டு புகைபோகும் ஓட்டையிலேயே சிக்கியிருந்தது. பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. கம்ப்ரஸர் சிலிண்டரின் சுவரில் ஓட்டை கிடையாது. ரிங் அதன் இஷ்டத்துக்குச் சுற்றலாம். இதில் சுவரிலேயே மூன்று ஜன்னல். ரிங்கும் முழு வட்டமில்லை, வாய் பிளந்த வளையம்; சுற்றிவந்த அதன் முனை ஒரு ஜன்னலில் எட்டிப் பார்த்தது, பிஸ்டன் நகர்ந்தபோது தலை போயிற்று. எட்டிப் பார்க்கவிடாமல் அந்தப் பிளவில் காவல் நின்றதுதான் அந்த முளை.

பெங்களூருக்கு மறுபடி போனான். ரிங் இருக்கிறது, சிலிண்டரும் பிஸ்டனும் சீமையிலிருந்து வந்தால்தான் உண்டு என்றார்கள். சீமையிலிருந்து யார் அனுப்புவார்கள்? ஷாப்பில் உள்ள லேத்தையெல்லாம் மனத்தில் ஓட்டிப் பார்த்தான். அந்த இளைத்த சுவரைக் கடைந்தால் பிறகு சுவரே மிஞ்சாது.

அதற்குள் இரண்டு முறை தாமதமாகப் போன அம்சவேணி ரூமுக்குச் சரி சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸுக்கு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனும் ஸ்டாண்டுக்குப் போனான்.

"நான்தான் பிடுங்கினேன் அம்சா," என்றான். "நீ கேக்கச் சொன்ன."

"எனக்கு மட்டும் தெரிஞ்சா சொன்னேன்? சும்மா பயத்துல சொன்னேன். சனிக்கெழம வந்துடறேன். ராகி டப்பா மேல் பலகையில கீது. சாவிய மங்கம்மாக்கா கைல குடுத்துட்டு ஷிப்டுக்குப் போங்க."

"எதுக்கு?"

"குடுங்களேன்."

அந்த வாரம் அவனே ரசம் வைத்தான். கடுகோடு சேர்ந்து தாளிப்பில் விழுந்த முளை, மூன்றாம் வாயில் பல்லில் நறுக்கென்று பட்டது. எடுத்துப் பார்த்தான்.  தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டான்.

ஷிப்ட் விடும் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால் மங்கம்மா போய்க் கதவைத் திறந்து வைத்து, அடுப்பில் இரண்டு சுள்ளியும் செருகிவிட்டு வந்துவிடுவாள். லைன் முனை திரும்புகிறவரை தாமோதரன் செருப்பை இழுத்துக்கொண்டுதான் வருவான். திறந்த கதவும் புகையும் கண்ணில் பட்டதும் கால் தானாக வேகம் பிடிக்கும். மூன்று வீடு தாண்டியதும் உள்ளே அம்சவேணி இல்லை என்பது நினைவு வரும். நடை பழையபடி தளரும். திறந்து வைப்பது யார் என்று அவனுக்குத் தெரியும். மறுநாளும் அதே முனையில் அதே வேகம் பிடித்தது.